முள் ஏறாத வண்டி

மதுரையில் மகளுக்கு வளைகாப்பு. தூத்துக்குடியில் ரயில் பிடிக்கக் காயல்பட்டினத்தில் ஒரு டாக்ஸி பிடித்தேன். டிரைவருக்கு முறுக்கு மீசை. காருக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தார். அதனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதாம். ரோட்டைவிட எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளைத்தான் அதிகம் பார்த்தார்.

மேம்பாலம் ஏறும்போது கார் முக்கியது. உப்பு லாரிகூட முந்திப்போனது.

“அண்ணாச்சி, கியரைக் கொறைங்க. ரயிலு போயிரும்.”

“கொறைச்சா முள்ளு ஏறிரும்லா. எஞ்சின் எவ்வளவு அமைதியா ஓடுது பாத்தியளா?”

“எஞ்சின் ஓடுது. வண்டி ஓடலியே!”

அவர் சிரித்தார். கியரைத் தொடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பிப் போயிருந்தது.

“முள்ளு ரெண்டாயிரத்தைத் தாண்டவே இல்ல” என்றார், குழந்தையைத் தூங்கவைத்தவர் போல மெதுவாக.

வாடகையைக் கொடுத்தேன். மதுரைக்குப் பஸ் ஏறினேன். பஸ் டிரைவர் கியரைக் குறைக்க, எஞ்சின் உறுமியபோதெல்லாம், இதைக் கேட்டால் அந்த டாக்ஸிக்காரர் நொந்துபோவாரே என்றுதான் தோன்றியது.