பனிக்குள் அடித்த துக்க மணி

கட்டிய மனைவியை என் வாயாலேயே சாவுக்கு அனுப்பிவிட்டேன் என்று ஒன்றரை மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆண்டவர் செய்ததைத்தான் சபையாருக்குச் சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு மேடையில் பேச வராது. பேச நின்றால் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். அரியலூருக்கும் விக்கிரமங்கலத்துக்கும் நடுவில் உள்ள சிற்றூர் ஒன்றில் கோயில்பிள்ளையாக இருக்கிறேன். கோயிலைக் கூட்டுவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது என் வேலை. எங்கள் கோயில் ஊரின் கடைசியில் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வீடும் இல்லை, வயலும் இல்லை, வெறும் பொட்டல்தான். முள்ளுச்செடியும் சப்பாத்திக்கள்ளியும் சுண்ணாம்புக் கல்லும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். அதற்குள்ளே ஒரு ஒற்றையடிப் பாதை போகும். அதில் நடந்தால் இரண்டு மணி நேரத்தில் என் மனைவி பாக்கியத்தின் தாய்வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸில் போனால் சுற்றிக்கொண்டு அரை நாள் ஆகும்.

என் மணி அடிக்கும் கையில் எனக்குக் கர்வம் இருந்தது, மறைக்கவில்லை. மற்றவர்கள் அடித்தால் ஒன்று நெருங்கி விழும், ஒன்று தள்ளி விழும். என் கை ஒரே சீராக இழுக்கும். ஞாயிறு ஆராதனைக்கு வேகமாக அடிக்க வேண்டும். யாராவது இறந்துவிட்டால் ஒவ்வொன்றாக, நிதானமாக, பன்னிரண்டு அடி. அதுதான் துக்க மணி. அந்த மணி கேட்டால் எங்கள் சபையார் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். களை வெட்டுகிறவர்கள் களைக்கொத்தைக் கீழே போடுவார்கள், தண்ணீர் தூக்கி வருகிறவர்கள் குடத்தை இறக்குவார்கள். மணி ஓயும் மட்டும் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. நின்று, துக்க வீட்டுக்காக ஜெபிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

அப்போது எங்கள் ஊர் மருந்தகத்தில் ஒரு மிஸ்ஸியம்மா இருந்தார்கள். இங்கிலாந்து தேசத்து நர்ஸ். தமிழை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார்கள். அவர்கள் சொந்த ஊரின் படம் போட்ட தபால் அட்டை ஒன்றை மருந்து அலமாரியில் ஒட்டி வைத்திருந்தார்கள். கல்லால் கட்டிய சின்னக் கோயில், அதைச் சுற்றி இடுப்பளவு சுவர், அதற்கு அப்பால் மரமே இல்லாத மேட்டு நிலம், குத்துக் குத்தாகச் செடி, நாலைந்து ஆடு. "எங்கள் ஊரும் உங்கள் ஊரைப் போலத்தான். கோயிலோடு ஊர் முடிந்துவிடும். குளிர் மட்டும் அதிகம்" என்பார்கள். அந்த மேட்டு நிலத்தில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாதாம். போனவர் யாராவது வீடு திரும்பவில்லை என்றால், அவர் வந்து சேரும் மட்டும் கோயில் மணியை நிறுத்தாமல் அடிப்பார்களாம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவார்களாம்.

ஒரு வருஷம் மார்கழிப் பனியில், ஆட்டுக் கிடை போடும் கீதாரி ஒருவர் வழி தவறினார். மணி அடிக்கச் சொல்லி மிஸ்ஸியம்மா என்னைக் கேட்டார்கள். "மணி ஆராதனைக்கும் சாவுக்குந்தாங்க. ஆடு மேய்க்க இல்ல" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கீதாரி வெயில் ஏறியதும் தானாக வந்து சேர்ந்துவிட்டார். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது.

எழுபத்தாறாம் வருஷம் டிசம்பர் மாதம். பாக்கியத்துக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. அதனால் அவள் அண்ணன் வந்து, இந்தத் தடவை முன்கூட்டியே தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இங்க இருந்து ரெண்டு போச்சு, போதும் மாப்ள" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமலே போனார்.

அதற்குப் பிறகு நாலு நாள் நானும் பாக்கியமும் பேசவில்லை. சோறு வைப்பாள், சாப்பிடுவேன், எழுந்து போவேன். அந்த நாலு நாளில் ஒரு நாள் பொட்டல் பக்கம் விறகுக்குப் போனேன். சுண்ணாம்புக் கல் வெட்டுகிறவர்கள் அந்த ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கேயே புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் முக்கால்வாசி நின்றது. வேலியும் கிடையாது, அடையாளமும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்திடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் முதலில் பேசட்டும், பிறகு சொல்லலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன். சபையாரே, என் பாவம் இதுதான். வேறு எதையும் நான் பெரிதாகச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலை அவளே பேசினாள்.

"நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேங்க. இந்தப் புள்ளையாவது எனக்குத் தங்கட்டும்."

நான் மணி அடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனா அப்படியே போயிடு" என்றேன்.

ஐந்தரை மணியை அடித்துவிட்டு, கோயிலைக் கூட்டிவிட்டு, வேண்டுமென்றே தாமதமாக வீட்டுக்கு வந்தேன். அவள் இல்லை. எட்டு மணி பஸ்ஸுக்கு ரோட்டில் காத்திருப்பாள், போய்க் கெஞ்ச மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பனி அப்படி ஒரு பனி. வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. பால் கறக்கிற ராமசாமி வந்து செம்பை வைத்துவிட்டு, "என்னங்க, ஒங்க வூட்டம்மா துணி மூட்டையோட பொட்டல் பக்கம் போவுது? இந்தப் பனியிலயா அனுப்புனீங்க?" என்றார்.

அந்தப் பால் செம்பை நான் தட்டிவிட்டதுகூட எனக்குத் தெரியாது. ஓடினேன். கோயில் சுவரைத் தாண்டி இருபது அடி போயிருப்பேன், பாதையே தெரியவில்லை. "பாக்கியம், பாக்கியம்" என்று கத்தினேன். குரல் எங்கும் போகவில்லை, பஞ்சுக்குள் கத்துகிறது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் நானும் குழியில் விழ வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளைப் புதைத்த இடத்திலேயே அவளையும் புதைக்கப்போகிறேன் என்று தோன்றியது. கோயில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, நான் மூடி வைத்திருந்த வாய்க்கு அவளைத் தண்டிக்காதேயும்" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

சத்தம் கேட்டு மிஸ்ஸியம்மா ஓடி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். உடனே, "மணி அடியுங்கள்" என்றார்கள்.

இவ்வளவு ஆன பிறகும் என் புத்தி பாருங்கள். "போதகர் ஐயர் பெரம்பலூருக்குப் போயிருக்காருங்க. அவரக் கேக்காம எப்படி?" என்றேன்.

"ஐயருக்கு நான் பதில் சொல்லுகிறேன். அடியுங்கள். அவள் வந்து சேரும் மட்டும் நிறுத்தாதீர்கள்."

கயிற்றைப் பிடித்தேன். என்ன அடிக்கிறேன் என்று யோசிக்கவில்லை. "இயேசுவே" என்று ஒரு இழுப்பு, "காப்பாத்தும்" என்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அழுதுகொண்டே இழுத்ததால் கை நடுங்கியது. ஒன்று சீக்கிரம் விழுந்தது, ஒன்று வெகு நேரம் கழித்து விழுந்தது. பன்னிரண்டு அடி தாண்டியும் மணி ஓயாததால், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சபையார் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். ஆண்கள் துக்கத்துக்காகத் தோள் துண்டை எடுத்திருந்தார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சபை மூப்பர் சாமுவேல் அண்ணன், "யாருய்யா செத்தது?" என்றார்.

"யாரும் சாவலண்ணே!"

"பின்ன என்னாத்துக்குத் துக்க மணி அடிக்கிற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வேகமாக அடிக்க வேண்டிய மணியை, நான் ஒவ்வொன்றாக, நிதானமாகத் துக்க மணியாக அடித்துக்கொண்டிருந்தேன். என் மனதில் இருந்தது கை வழியாக வந்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனைவிக்கு நானே துக்க மணி அடித்துவிட்டேனே என்று கயிற்றை விட்டுவிட்டேன். மிஸ்ஸியம்மா என் கையைப் பிடித்துத் திரும்பக் கயிற்றில் வைத்தார்கள். "எப்படி வருகிறதோ அப்படி அடியுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்." சாமுவேல் அண்ணன் எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்தார். அவர்கள் ஜெபிக்க, நான் அடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு வழுக்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு அடித்தேன்.

எட்டரை மணி வாக்கில் வெயில் ஏறியது. பனி கிழிய ஆரம்பித்ததும் சாமுவேல் அண்ணனும் ராமசாமியும் இன்னும் நாலு பேரும் பாதையில் ஓடினார்கள். நான் மணியை விடவில்லை. விட்டால் ஏதோ ஒன்று முடிந்துவிடும் என்று பயம். கடைசியில் ராமசாமிதான் முதலில் கத்திக்கொண்டு வந்தார்.

"இருக்குங்க, இருக்குங்க! குழி ஓரத்துல நின்னுக்கிட்டு இருக்குங்க!"

நாலு தப்படி. பிறகு நானே போய் என் காலால் அளந்து பார்த்தேன். குழியின் விளிம்புக்கும் அவள் மூட்டையை இறக்கி வைத்திருந்த இடத்துக்கும் நாலே தப்படிதான்.

பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு கோயிலுக்குள் வந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வந்து என் தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து கதறினாள். பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். மிஸ்ஸியம்மா நாடி பார்த்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, "இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்" என்றார்கள். ஒரு வாய் காப்பி உள்ளே போன பிறகுதான் பாக்கியம் பேசினாள்.

"கோவத்துல வேக வேகமா நடந்துக்கிட்டு இருந்தேன். துக்க மணி கேட்டுச்சு. மூட்டைய எறக்கி வச்சிட்டு நின்னுட்டேன். அப்புறந்தான் கவனிச்சேன், அது ஒங்க கை இல்ல. ஒங்க கை எனக்குத் தெரியாதா? அது தாறுமாறா அடிக்குது. துக்க மணிய வேற யாரோ அடிக்கிறாங்கன்னா, செத்தது நீங்கதானேன்னு நெனச்சேன்."

அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"திரும்பி ஓடி வரத்தான் நெனச்சேன். எந்தப் பக்கம்னு தெரியல. அதோட மணி நிக்கலியே. நின்னாத்தானே கால எடுத்து வைக்கலாம்? அங்கனயே நின்னுக்கிட்டு, எம் புருசனத் திருப்பிக் குடும் ஆண்டவரே, நான் கோவிச்சுக்கிட்டு வந்தது தப்புதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சபையாரே, நான் கயிற்றைப் பிடித்து அவளுக்காக ஜெபித்த அதே நேரம் முழுவதும், அவள் குழி ஓரத்தில் நின்று எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள். பனி விலகி, தன் காலடியில் தண்ணீர் மினுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே குழி தெரிந்திருக்கிறது. நான் சரியாக அடித்திருந்தால் ஆராதனை மணி என்று நினைத்து, கோபத்தில் இன்னும் வேகமாக நடந்திருப்பாள். துக்க மணியைப் பன்னிரண்டு அடியோடு நிறுத்தியிருந்தால், என்னைப் பார்க்கத் தலைதெறிக்க ஓடியிருப்பாள். எங்கள் ஊர் வழக்கம் அவளை நிறுத்தியது. மிஸ்ஸியம்மா ஊர் வழக்கம் அவளைப் பனி விலகும் மட்டும் அங்கேயே நிற்க வைத்தது. நான் பெருமைப்பட்ட கையைக் கர்த்தர் நடுங்க வைத்தார். அந்த நடுக்கத்தைக்கொண்டே என் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

மறுநாள் நானே அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் மாமியார் வீட்டில் விட்டேன். மச்சான் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு, "நானும் அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது மாப்ள" என்றார். மாசியில் பெண் பிறந்தாள். கிருபை என்று பெயர் வைத்தோம். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கோபம் என்னைப் போல, அதையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

குழியைச் சுற்றி மறுவாரமே ஊரார் எல்லாரும் சேர்ந்து முள் வேலி போட்டோம். மிஸ்ஸியம்மா இரண்டு வருஷம் கழித்துத் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது அந்தத் தபால் அட்டையைப் பாக்கியத்திடம் கொடுத்தார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது. அந்த மேட்டு நில ஊரின் கோயிலில் இந்த விஷயத்தைச் சொன்னார்களாம். சபை முழுவதும் எழுந்து நின்று, எங்கள் மூன்று பேருடைய பெயரையும் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்களாம். அவர்கள் வாயில் பாக்கியத்தின் பெயர் எப்படி வந்ததோ தெரியாது. அதை நினைத்து அவள் இன்றைக்கும் சிரிப்பாள்.

இப்போது மார்கழியில் பனி இறங்கி, யாராவது வரவில்லை என்றால், நான் யாரையும் கேட்பதில்லை. மணியை அடிக்க ஆரம்பித்துவிடுவேன். ஐயரும் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் கோபம் வராமல் இல்லை, ஆனால் பேசாமல் படுக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையே போடுகிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால், இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் போய்ப் பேசுங்கள். பேச வாய் வராவிட்டால் ஆண்டவரிடம் சொல்லி அழுங்கள். அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையே, தாறுமாறாக வருகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். என் தாறுமாறான மணியை அவர் கேட்டார். நீங்கள் யாருக்காக அழுகிறீர்களோ, அவர் எங்கேயோ ஒரு குழி ஓரத்தில் உங்களுக்காக நின்றுகொண்டிருக்கலாம்.