விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு

மூங்கில்துறைப்பட்டில் பழைய டிராக்டரைப் புது டிராக்டராக்க வேண்டுமென்றால் தெய்வசிகாமணியிடம்தான் போக வேண்டும். சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், ஒரு ஸ்ப்ரே கன், ஒரு தின்னர் டப்பா. அவருடைய ராஜ்ஜியமே அவ்வளவுதான். கரும்பு சுமந்து சுமந்து முதுகு செத்த டிரெய்லர்கூட அவர் கைபட்டால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். ஆனால் மனுஷன் சரியான கோபக்காரர். அடித்த பெயிண்ட் காய்வதற்குள் எவனாவது விரலை வைத்துப் பார்த்துவிட்டால் வாயில் வருகிறதெல்லாம் வரும். திட்டிக்கொண்டே வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்து ஒரு இழுப்பு இழுப்பார். விரல் தடம் இருந்த இடம் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கைக்கு அதுதான் பழக்கம்.

அவருக்கும் அம்சவள்ளிக்கும் ஒரே பிள்ளை, அஜித்குமார். கடற்படையில் சேர்ந்தான். அவன் விமானம் ஓட்டுகிறான் என்றே ஊர் நம்பியது. உண்மையில் அவன் பழுது பார்க்கிறவன். கடலுக்கு நடுவே கப்பல்மேல் நிற்கிற போர் விமானத்தை ஆணி ஆணியாகத் தட்டிப் பார்த்து அனுப்புகிற வேலை. "நான் சரின்னு சொன்னாத்தாம்பா ஓட்றவன் ஏறியே குந்துவான்" என்பான். சிகாமணிக்கு அது போதாதா? ஒரு வாரத்துக்கு அதையே கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி லீவில் வந்தபோது அவன் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். அதில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் நிறைய. சேர்த்து ஒட்டினால் அவன் வேலை பார்க்கிற அதே மிக் விமானம் வரும், ஒரு முழம் நீளத்துக்கு. கப்பலில் இடம் போதாது என்பதால் இறக்கையை மடக்கி நிறுத்துவார்களாம். வேகமாக வந்து இறங்கும்போது கயிற்றில் மாட்டி நிற்க வாலுக்கடியில் ஒரு கொக்கி உண்டாம். கூடத்தில் பாயை விரித்து அப்பனும் மகனும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் உப்பு பூத்த மாரி, புகை அடிச்ச மாரி அழுக்கு பண்ணணும்பா."

"புது பெயிண்ட் அடிச்சி எவனாச்சும் அழுக்கு பண்ணுவானாடா? நான் பண்ற தொழிலுக்கே அவமானம்" என்றார் சிகாமணி.

"கடக்காத்துல நிக்கறது அப்டித்தான் இருக்கும். இன்னொண்ணு, உன் தின்னர் டப்பாவ இதுகிட்ட கொண்டாராத. பிளாஸ்டிக்கு உருகிப்பூடும். இதுக்கு தண்ணில கலக்கற பெயிண்ட்டு."

விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. பசை தடவி இரண்டையும் சேர்த்து அழுத்தியபோது மூக்குப் பக்கம் பசை பிதுங்கி, அஜித்தின் கட்டைவிரல் அப்படியே பதிந்துவிட்டது. "அய்ய, பூடுச்சே. நாளைக்கு காஞ்சதும் தேச்சி எடுத்துர்றேன்" என்று விரலைச் சட்டையில் துடைக்கப் போனான். டீ கொண்டுவந்த அம்சவள்ளி, "டேய், புது சட்டடா" என்று அவன் கையைப் பிடித்துத் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சிநேகிதன் கல்யாணத்துக்கென்று பைக்கில் கிளம்பினான். சங்கராபுரம் ரோட்டோரம் ஒரு கரும்பு டிரெய்லரை விளக்கில்லாமல் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். இருட்டில் தெரியவில்லை. புதுச் சட்டையோடுதான் பிள்ளை போனான்.

அந்த டிரெய்லருக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்று சிகாமணி போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அதற்குப் பிறகு கொட்டகைக்கு வருகிற டிரெய்லர் எதுவானாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பின்பக்கம் முழுக்கச் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டித்தான் அனுப்புவார். வேண்டாம் என்கிறவன் வண்டியை வேறு கொட்டகைக்கு ஓட்டிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டி ரொம்ப நாள் பரண்மேல் கிடந்தது. வருஷம் திரும்பி, படையல் போட்ட மறுநாள் அவரே ஏறி இறக்கினார். பேனா பருமனுக்கு ஒரு குட்டி ஸ்ப்ரே கன் வாங்கிவந்தார். டிராக்டர் மட்கார்டில் பட்டை இழுத்த கைக்கு நகத்தளவு சக்கரத்தைப் பிடிக்க வரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். இறக்கையை மடக்கி நிறுத்தினார். வாலுக்கடியில் கொக்கியை மாட்டினார். ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல நகர்த்தி ஒட்டினார். கடைசியில், வாழ்நாளில் முதல்முறையாக, தானே அடித்த பெயிண்ட்டைத் தானே அழுக்காக்கினார். தகடு சேர்கிற கோடுகளில் கறுப்பைக் கரைத்து விட்டார், எஞ்சினுக்குப் பின்னால் புகை ஏற்றினார், இறக்கையில் உப்பு வடிந்த கறை வைத்தார். அஜித் சொன்ன மாதிரியே வந்தது. வந்தபோது அழுதார்.

மூக்கிலிருந்த அந்த விரல் தடத்தை மட்டும் அவர் தேய்க்கவில்லை. அதன்மேல் பனி படிகிற மாதிரி ஒரே ஒரு பூச்சு. சாய்த்துப் பிடித்தால் வரி வரியாகத் தெரியும். சுவரில் படம் இருக்கிறது, பெட்டியில் யூனிஃபார்ம் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பிள்ளையின் கை பட்ட இடம் இதுதான் என்று காட்ட உலகத்தில் அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம். அதைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும். அம்சவள்ளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் தொடுவாள், தொட்டுத் தொட்டு அது தேய்ந்துபோகும் என்று பாவி மனுஷன் கணக்குப் போட்டார்.

பாக்கியிருந்தது மேல்பூச்சு வார்னிஷ் மட்டும். அதைப் பூசிவிட்டால் பெயிண்ட்டில் எதுவும் ஊறாது. ஆனால் புரட்டாசி மழை விடவில்லை. கல்வராயன் மலை நாள் தவறாமல் கறுத்துக் கிடந்தது. ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் வெளுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? வெயில் வரட்டும் என்று வைத்திருந்தார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

காலையில் அவர் கொட்டகையைக் கழுவிவிட்டு வருவதற்குள் அம்சவள்ளி வீட்டில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டாள். ஸ்ப்ரே கன், பட்டி போடுகிற தகடு, அரிவாள்மணை, அவருடைய மொபெட், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வாழையிலையில் பொரி, கடலை. நடுவில் விமானம். அதன் மூக்கில் ஈரச் சந்தனமும் அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமமும்.

சிகாமணிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னா பண்ணி வெச்சிருக்க நீ? இது இன்னா டிராக்டரா? பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

அவள் கற்பூரத் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

சாம்பல் பெயிண்ட்டில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்தால் போகாது. அவர் யோசிக்கவில்லை, கைதான் வேலை செய்தது. கொட்டகையிலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்திருந்த தின்னர் டப்பாவைத் திறந்தது, துணியை நனைத்தது, ஒரு இழுப்பு இழுத்தது.

குங்குமம் போய்விட்டது. பெயிண்ட்டும் போய்விட்டது. அடியிலிருந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகிப் பளபளத்தது. தின்னர் வாசனை அவர் மூக்கில் ஏறியபோதுதான் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். வழவழவென்று இருந்தது.

அம்சவள்ளி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தேடவில்லை, தடவிப் பார்க்கவில்லை. நேராக அந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"இங்கதாங்க இருந்துது" என்றாள். "நீங்க கொட்டாய்க்கி போனதும் தெனைக்கும் தொட்டுப் பாத்துக்கினு இருந்தேன். எம்புள்ள வெரலு. அதான் அங்க வெச்சேன். வேற எங்கங்க வெப்பேன்?"

துணி இன்னும் சிகாமணியின் கையிலேயே இருந்தது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கற்பூரத்தை ஏற்றி எல்லாவற்றுக்கும் காட்டினாள், விமானத்துக்கும் காட்டினாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

இப்போதும் அது டிவிக்குப் பக்கத்தில் இறக்கையை மடக்கிக்கொண்டு நிற்கிறது. மூக்கில் மட்டும் பெயிண்ட் இல்லாத ஒரு இடம். ஊர் வண்டிக்கெல்லாம் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவர் அதை மட்டும் தொடவில்லை. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்சவள்ளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், விமானத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். சிகாமணி எழுந்துபோய் அதை எடுத்து, மூக்கு அவள் பக்கம் இருக்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வெய்யி" என்றார்.