ஷிப்பு என்றால் கப்பல்

என் பேத்திக்கு ஆறு வயது. இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும் இந்தச் சிற்றூரில், காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் ஒரே ஓசையில் முடியும் சொற்களை உரக்க வாசிப்பாள். பள்ளியில் கொடுத்தனுப்பும் தாளில் பக்கத்துக்கு இருபது சொற்கள். எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். மாத்திரையோ சாவியோ பூட்டிய சன்னலோ, ஒருமுறை எண்ணாவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்த இருபதில் எட்டுக்குப் பொருளே கிடையாது. 'டிப், ஷிப், மிப், விப்' என்று அவள் பாடிக்கொண்டே போவாள். டிப்பும் ஷிப்பும் சரி. மிப், விப் எந்த அகராதியிலும் இல்லை. அவற்றின் பக்கத்தில் மட்டும் ஒற்றைக்கண் பூதம் ஒன்றை வரைந்திருப்பார்கள். "மிப்புன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தாத்தா, இட் ஜஸ்ட் ரைம்ஸ்" என்றாள், பால் மீசையைத் துடைக்காமலே. பொருளில்லாத சொல்லை ஒரு குழந்தை எதற்காக வாசிக்க வேண்டும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. பள்ளி வாசலில் அவளுடைய டீச்சரிடமே கேட்டேன். அந்தப் பெண் என் முழங்கையைத் தொட்டு, கவலைப்படாதீர்கள், உங்கள் பேத்தி நன்றாகப் படிக்கிறாள் என்றாள். மறுவாரம், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் முதியோருக்கான வகுப்பு பற்றிய துண்டுத்தாள் ஒன்று பேத்தியின் பையில் வந்தது. நாற்பத்தாறு வருடங்களாக இந்த மொழியில்தான் சோறு தின்கிறேன் என்பதை அந்த டீச்சருக்கு யார் சொல்வது?

எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கிறதா குழந்தை என்று சோதிக்கத்தான் அந்தப் பொய்ச் சொற்களாம். பிறகு மருமகள் விளக்கினாள். எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறு. பொருள் இல்லாமல் ஒரு சொல்லை வாயில் வைக்க விடமாட்டார்கள். அந்த வித்தியாசத்தை அசைபோட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் கோதண்டத்திடமிருந்து அழைப்பு வந்தது.

கோதண்டம் என் அக்கா அஞ்சலையின் மகன். சிறுசேரிக் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறான். சதுரங்கப்பட்டினத்தில், பழைய டச்சுக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது கையும் பேச்சும் போய் வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"மாமா, அம்மா பேசுது மாமா."

"நல்ல விஷயந்தானேப்பா. ஏன் அழுவுற?"

"இங்கிலீஷ்ல பேசுது மாமா."

அக்கா ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. பேருந்துப் பலகையைக்கூட யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

"இன்னா பேசுது?"

"ஷிப்புன்னுது. லிப்புன்னுது. டிப்புன்னுது. ஒரு வார்த்த சொல்லிட்டு வாசப்படியவே பாத்துகினு கீது. அப்பால அடுத்தது. வேற ஒண்ணும் இல்ல, தமிழே வரல. எதிர்வூட்டு சரசு பொண்ணு இங்கிலீஷ் படிச்சதுல்ல, அதக் கூட்டியாந்து கேட்டோம். கப்பல், உதடு, முக்குறதுன்னு சொல்லிச்சி. மறுநாளு ஸாண்டு, ஹேண்டு, லேண்டுன்னுது. மணலு, கை, நெலம். சரசு அப்பவே சொல்லிட்சி மாமா. கோட்டக் கல்லறைல கீற வெள்ளைக்காரிதான் பூந்துகினா. கப்பல் முங்கி செத்தவளாம். கை மணலுக்குள்ள மாட்டிகினு கீதாம். நெலத்தக் கேக்குறாளாம்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். வெள்ளைக்காரிக்காக அல்ல. ஷிப்பு, லிப்பு, டிப்பு. ஸாண்டு, ஹேண்டு, லேண்டு. அந்த வரிசை எனக்குத் தெரியும். நான் நாலாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.

"அது என் பள்ளிக்கூடப் பாடம்ப்பா" என்றேன்.

"உன் பாடம் அம்மாவுக்கு எப்பிடி மாமா வரும்?" என்று கேட்டுவிட்டு, உண்மையான விஷயத்துக்கு வந்தான். வெள்ளிக்கிழமை பூசாரி வருகிறார். மூன்று நாள் புகை போட்டுப் பட்டினி வைத்து ஓட்டுவாராம். அதற்கு முன்னாலிருந்தே இங்கிலீஷ் மாத்திரை எதையும் தரக்கூடாது என்று உத்தரவு. இங்கிலீஷ் பேய்க்கு அதுதான் தீனியாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்று செங்கல்பட்டு டாக்டர் என்னிடமே தொலைபேசியில் சொல்லியிருந்தார். இரண்டு வேளை ஏற்கெனவே தவறியிருந்தது. கத்தினேன், கெஞ்சினேன். "நீ தூரத்துல கீற மாமா, இங்க வந்து ஒருநாளு அது பாக்குற பார்வையப் பாரு" என்றான். புறப்பட்டுவிட்டேன். விமானத்தில் ஏழெட்டு முறை பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அந்தச் சொற்கள் எப்படி வந்தன என்பது அரபிக்கடலுக்கு மேலே எங்கேயோ எனக்கு நினைவு வந்தது. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில், இங்கிலீஷ் வாத்தியார் ஓசை ஒத்த சொற்களை வரிசை வரிசையாகத்தான் கற்பிப்பார். அவர் சொல்லைச் சொல்வார். நாங்கள் எழுந்து கைகட்டி நின்று பொருளைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வரிசை, தொண்ணூற்றொரு சொல். ஒரு பொருள் தவறினால் மணலில் முட்டி போட வேண்டும். வீட்டில் ஒத்திகை பார்க்க எனக்கு ஒரு வாத்தியார் தேவைப்பட்டார். விதைக்கு நிலக்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்த அக்காவைப் பிடித்தேன். சொற்களை வரிசையாக அவள் காதில் ஏற்றினேன். கட்டைவிரலால் ஒரு காயை உடைப்பாள், ஒரு சொல்லைச் சொல்வாள், நிமிர்ந்து வாசற்படியைப் பார்ப்பாள். வெளிச்சத்துக்காக நான் அங்கேதான் கைகட்டி நிற்பேன். பொருளைச் சொன்ன பிறகுதான் அடுத்த காய். சொல் அவள் பங்கு, பொருள் என் பங்கு. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போவதற்குள் அவளைக் கடற்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒத்திகை நின்றது. அதை நான் மறந்தே போனேன்.

கோதண்டம் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். கேளம்பாக்கம் தாண்டும்வரை வழியெங்கும் புதுப்புது அடுக்குமாடிகள். மாடிகளை எண்ணத் தொடங்கிக் குழம்பி விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் எலுமிச்சையும் வேப்பங்கொத்தும் தொங்கின. கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள். கோதண்டத்தின் மனைவி மரகதம் சன்னல் வழியே பார்த்துவிட்டுத் திறந்தாள்.

"வாங்க மாமா. கதவத் தெறந்தா அத்த அந்தாண்டயே பாக்குது, அதான் சாத்தி வெச்சிகினோம். சாத்தினா அழுவுது. இன்னா பண்றதுன்னே தெரில."

சரசு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். "வாண்ணா. லண்டன்ல பேய்க்கு டாக்டர் கீறாரான்னு கேட்டுகினு வந்தியா?"

"அங்க பொதைச்சவங்க டச்சுக்காரங்க, சரசு. இங்கிலீஷ்காரங்க இல்ல."

"செத்தப்புறம் கத்துகினு இருப்பா. நேரந்தான் நெறைய கீதே."

"வெள்ளைக்காரி ஷிப்பு, லிப்புன்னா சொல்லுவா? ஷிப்னு சொல்லமாட்டா?"

"எவ்ளோ வருசமா நம்மூரு மண்ணுல கெடக்குறா, நம்மள மாரிதான் பேசுவா. அத்த உடு. அந்த வெரலப் பாரு. செபமாலை உருட்டுது."

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. செத்த வலது கை மடியில் கிடக்க, இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் எதையோ அழுத்தி, விட்டு, அழுத்திக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த யாரோ ஒரு கிழவனைப் பார்க்கும் பார்வை. பிறகு திறந்திருந்த வாசற்படிக்குக் கண் போய்விட்டது.

"ஷிப்பு" என்றாள்.

குரல் எழுபது எண்பது வயதுக் குரல் அல்ல. பாவாடை தாவணிப் பெண்ணின் குரலும் அல்ல. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தொண்டையைக் கிழித்து ஒப்பிக்கும் ராகம். நான் எந்த ராகத்தில் அவள் காதில் ஏற்றினேனோ அதே ராகம். என் பழைய குரல் கிழவியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"கப்பல்" என்றேன்.

விரல் நின்றது.

"லிப்பு."

"உதடு."

"டிப்பு."

"முக்கு."

மரகதத்திடம் மல்லாட்டை இருக்கிறதா என்று கேட்டேன். ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஒரு காயை அக்காவின் இடது கையில் வைத்தேன். டக்கென்று உடைந்தது. பருப்பு மடியில் விழுந்தது. "ஸாண்டு" என்றாள். மணல் என்றேன். அடுத்த காய். ஹேண்டு, கை. அடுத்த காய். லேண்டு, நிலம். வரிசைகளை நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டும் முடிந்தபோது கிண்ணம் காலி. ஒரு சொல் குறையவில்லை, கூடவில்லை.

மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். "யோவ், மல்லாட்ட உரிச்சிகினு கீதுய்யா அத்த. பேயுமில்ல பூதமுமில்ல. அந்தப் பூசாரிக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லு. ஐநூறு ரூபா அட்வான்சு போனா போவட்டும்." மாத்திரையைப் பொடித்து, கேழ்வரகுக் கூழில் கலந்து அவளே ஊட்டினாள். அக்கா விழுங்கினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சரசு மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. போகும்போது என்னிடம் குனிந்து மெல்லக் கேட்டாள். "எல்லாம் சரிண்ணா. பதில் சொன்னது நீ. பக்கத்துலயே உக்காந்துகினு கீற. அது உன்ன ஒருவாட்டிகூடத் திரும்பிப் பாக்கலியே. அப்ப வாசப்படியாண்ட யாரப் பாத்துகினு இருந்துச்சி?"

இருந்த பதினைந்து நாளும் பொருள் சொன்னேன். பதினைந்து நாளும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும் அன்று அவள் பாதத்தைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டாள், அயலான் தொட்டதுபோல.

இங்கே வந்த பிறகும் ஒத்திகை நிற்கவில்லை. எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பகல். கோதண்டமோ மரகதமோ அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, மல்லாட்டைக் கிண்ணத்தோடு கட்டிலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவள் அங்கிருந்து சொல்வாள். நான் இந்த ஊரின் அடுப்படியில், மழை வழியும் சன்னலோரம் நின்று பொருளைச் சொல்வேன். மாத்திரை தவறுவதில்லை. இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதாம். கன்னம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். "நீ நேர்ல வந்தப்போகூட அம்மா சிரிக்கல மாமா, போன்ல நீ சொல்றப்போ வாசப்படியப் பாத்து சிரிக்குது" என்றான் கோதண்டம் ஒருநாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் 'லேண்டு'க்கு நிலம் என்று சொன்னதும் இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. சொல்லுக்குப் பதில் கிடைக்காமல் அவள் அழுவாளே என்று மரகதத்தின் எண்ணுக்கும் போட்டுப் பார்த்தேன். வெகுநேரம் கழித்துக் கோதண்டம் எடுத்தான்.

"இன்னா மாமா, இன்னிக்கு ஜோரா முடிச்சிட்ட போல. நான் வெளிய வண்டி கழுவிகினு இருந்தேன். அம்மா ஒரு எடத்துலகூட நிக்காம சொல்லிகினே இருந்துச்சி. தலைய ஆட்டி ஆட்டி."

"லைன் அப்பவே கட்டாயிடுச்சேப்பா."

அவனுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். "ஷிப்பு." கப்பல் என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். ஒரு மூச்சு விடும் நேரம். மல்லாட்டை உடையும் சத்தம் கேட்டது.

"லிப்பு" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

நான் ஒருநாளும் சிறுவனாக நின்றிராத அந்தக் கடற்கரை வீட்டு வாசற்படியில், யாரோ ஒரு நாலாம் வகுப்புப் பையன் கைகட்டி நின்று என் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தான். இங்கே நான் வாயை மூடியபடி, அவனுக்கு அடுத்த பொருள் நினைவிருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.