ரிங் முனையின் கொக்கி

அக்கா வீட்டுக்காரர் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

சிதம்பரத்தில் அவர் வீடு கட்டினார். கீழே கார் நிறுத்தச் சுவரில்லாமல் வெறும் தூண்கள், மேலே இரண்டு மாடி. பூமி ஆடினால் முதலில் நொறுங்குவது இப்படிப்பட்ட கீழ்த்தளம்தான். கட்டடப் பொறியாளன் என்ற முறையில் பிளான் போடும்போதே சொன்னேன். "காரை எங்க நிறுத்துறது மச்சான், உன் தலையிலயா?" என்றார். சரி, தூண்களாவது உறுதியாக இருக்கட்டும் என்று, நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் முனைகளைத் தூணின் உள்பக்கமாகக் கொக்கிபோல் மடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

கான்கிரீட் போடும் நாளன்று கடலூர் முதுநகரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன். தூண்களுக்குப் பலகை அடித்து முடித்திருந்தார்கள். எட்டிப் பார்த்தால் ஒரு கொக்கிகூட இல்லை. முனைகள் செங்கோணத்தில் மடங்கியதோடு சரி. ஆட்டத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் அவை விரிந்துகொள்ளும். பிறகு நெடுங்கம்பி பிதுங்கி, தூண் அப்படியே உட்காரும்.

"நிறுத்துங்க மாமா. பலகையப் பிரிச்சு மறுபடி மடக்கணும்."

"ஏழரைக்கு ராகு காலம் வந்துடும். இந்த ஊர்ல எங்கடா பூகம்பம்?"

"கடலு ஊருக்குள்ள வரும்னு மட்டும் எவனாவது சொன்னானா?"

கம்பி கட்டியவர் சிரித்தார். "உள்ள மடக்குனா வேலை ஜாஸ்தி சார்."

வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. பூகம்பத்துக்கும் அதுவே போதும்போல. வாய்க்கு வந்தபடி திட்டினேன். "படிச்ச திமிரு," என்று சொல்லிவிட்டு மாமா தேங்காய் உடைத்தார். மிக்சர் ஓடத் தொடங்கியது.

கிரகப்பிரவேசத்துக்கு அக்காவுக்காகத்தான் போனேன். வந்தவர்களெல்லாம் டைல்ஸைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். "டிசைன் நம்ம மச்சானோடது," என்று மாமா என் தோளில் தட்டினார்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்கி நீ கத்துனத அவுங்க சொன்னாங்க. உண்மையச் சொல்லு. பசங்கள எந்த ரூம்ல படுக்கவெச்சா பத்திரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எந்த ரூமும் இல்லக்கா."

வெளியே மாமா பாயசம் கேட்டுக் குரல் கொடுத்தார். "இதோ வரேங்க," என்று அக்கா கதவைத் திறந்தாள்.