இரண்டு ஆள் கொக்கி

ஊரில் பாதி வீடுகளின் இரும்புக் கேட்டுகள் அந்த வெல்டர் செய்தவை. சொந்தப் பட்டறையின் தகரக் கூரையில் மட்டும் ஓட்டை. கேட்டால் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். மழை கொட்டிய ஒரு பகலில் அவர் வெளிவேலைக்குப் போயிருந்தார். மெஷின் நனைகிறதே என்று அவர் மனைவி தகரத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தானே மேலே ஏறினாள். வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

அன்றோடு அவளுடைய அண்ணன் வெல்டரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'கூரைக்காரன்' என்று புதுப்பெயர் வைத்தார். நேரில் பேசுவதும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தங்கையிடம் சொல்வார். பட்டறையில் நிற்கிறவர் காதில் விழும்படி உரக்கச் சொல்வார்.

அண்ணன் வாடகை ஜீப் ஓட்டுகிறவர். குன்றுக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில், கல்லிலும் குழியிலும் விழுந்து எழுந்து போகக்கூடிய வண்டி அது ஒன்றுதான். முதல் தடவை அவளைக் கொண்டுபோனபோது ஜீப்பின் பின்பக்கத்தை ஸ்டெப்னி டயர் அடைத்துக்கொண்டிருந்தது. உடைந்த இடுப்போடு, காலை மடக்கி, அந்த டயரில் சாய்ந்தபடி அவள் போனாள். வழியெல்லாம் அவள் அலறிய அலறல் இரண்டு ஆண்களின் நெஞ்சிலும் இன்னும் ஆறாமல் கிடக்கிறது. ஆபரேஷனுக்கு வரும்போது காலை நீட்டிப் படுத்துத்தான் வர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்டெப்னி இல்லாமல் அந்தப் பாதையில் போகவும் முடியாது. டயரை வெளியே தொங்கவிடுவது தவிர வேறு வழியில்லை. அதற்கு வெல்டர் வேண்டும். ஊரில் இருந்தது ஒரே வெல்டர்.

"செய்யச் சொல்லு" என்றார் அண்ணன், கட்டிலில் கிடந்த தங்கையிடம். "செஞ்சதோட சரி. ஆபரேஷனுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். கூரைக்காரன் கால் என் வண்டியில படக் கூடாது."

"நான் மயங்கறப்ப அவர் பக்கத்துல இருக்கணும்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"அவரு பக்கத்துல இருந்த லட்சணத்தத்தான் பாத்தோமே."

பட்டறையில் கிரைண்டர் கிறீச்சிட்டது. வெல்டரின் பதில் எப்போதும் அப்படித்தான் வரும்.

பழைய லாரி அச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பின் பம்பரின் ஒரு கோடியில் கீலாக நிறுத்தினார். அதில் கனத்த குழாயால் ஒரு இரும்புக் கை. டயரை மாட்ட அதன் நடுவே தட்டு. பின்கதவைத் திறக்கும்போது கை விலகி நிற்கும். மூடியதும் மறுகோடியில் உள்ள கொக்கிக்குள் போய் விழும். மேலே ஒரு இரும்புப் பின்னைச் சொருகினால் அசையாது. டயர் நட்டுகளைக் கை விலகி நிற்கும்போதுதான் முறுக்க முடியும். அவள் வலியில்லாமல் போக வேண்டும் என்ற ஒரே நினைப்போடு ஒவ்வொரு வெல்டையும் வைத்தார்.

ஆனால் ஜீப்பைப் பட்டறையில் விட்டுச் செல்லும்போதெல்லாம் அண்ணன் ஸ்டெப்னியை இறக்கி உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

"எதுக்குண்ணே அதத் தூக்கிட்டுப் போற?"

"இங்க வெச்சா அதுலயும் ஓட்டை விழுந்துடும்."

டயரைக் கொடுங்கள் என்று கேட்க வெல்டருக்கு வாய் வரவில்லை. அந்த மனிதரிடம் கெஞ்சுவதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சாகலாம் என்றிருந்தது. டயர் ஏறாத இரும்புக் கையை வைத்தே அளவெடுத்தார். கொக்கி 'டக்' என்று விழுந்தது. கண்ணில் நீர் துளிர்க்க, அந்தக் குழாயைத் தடவிக்கொடுத்தார்.

ஆபரேஷன் நாள் காலையில் டயர் வந்தது. தட்டில் ஏற்றி நட்டுகளை முறுக்கியதும், பாரம் தாங்காமல் இரும்புக் கை ஒரு விரற்கடை தாழ்ந்தது. கொக்கி மேலே நின்றது. கை கீழே இடித்தது.

"பாத்தியா? வேணும்னே பண்ணிருக்கான்" என்றார் அண்ணன் தங்கையிடம்.

"டயரு இங்க இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்காதுன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்றார் வெல்டர்.

திரும்ப வெட்டி ஒட்டலாம் என்றால் கரண்ட் இல்லை. டாக்டர் சொன்ன நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தோள் கொடுத்து இரும்புக் கையை நிமிர்த்தினார். அப்படியே பின்னைச் சொருக அவர் விரல் எட்டவில்லை. முட்டியால் முட்டுக்கொடுத்தார், சட்டையில் கிரீஸ்தான் ஒட்டியது.

"டயரத் தூக்கி உள்ள போடறேன். எப்படியோ போவோம்."

கட்டிலோடு வாசலுக்கு வந்திருந்தவள் தலையை ஆட்டினாள். "அது உள்ள ஏறினா நான் ஏற மாட்டேன்."

"அப்போ இங்கயே ஆள் புடிச்சு மாட்டிக்கிறேன்."

"வழியில பஞ்சர் ஆனா? ஒருத்தர் தூக்கணும், ஒருத்தர் சொருகணும். யாருண்ணே தூக்குவா? நானா?"

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. விழுந்த நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் கிடந்து தூது சுமந்த களைப்புதான் இருந்தது.

அவளைக் காலை நீட்டிப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இனி தூது சொல்ல ஆளில்லை. அண்ணன் குனிந்து இரும்புக் கைக்கடியில் தோளைக் கொடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர், கடைசியில் பல்லைக் கடித்தபடி சொன்னார்:

"தூக்கிட்டேன். சொருகித் தொலை."

"இன்னும் கொஞ்சம் மேல."

"முதுகு ஒடியுது."

"இடுப்பே ஒடிஞ்சவ உள்ள இருக்கா."

இரும்புப் பின் துளைக்குள் விழுந்தது. வெல்டர் யாரையும் கேட்காமல் முன்பக்கமாக ஏறி மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அண்ணன் தன் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தி வண்டியை எடுத்தார். வழியில் பஞ்சரும் ஆனது. இருவரும் இறங்கித் திட்டிக்கொண்டே தூக்கினார்கள், சொருகினார்கள். ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டபோது அவள் கை கணவரின் கைக்குள் இருந்தது. அண்ணன் அறை வாசலில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அவள் ஊன்றுகோல் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அண்ணன் ஜீப்பைப் பட்டறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அந்தக் கொக்கியச் சரி பண்ணச் சொல்லு. ஒவ்வொரு தடவையும் பயணிங்க தோளுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கு."

வெல்டர் வெல்டிங் ராடை எடுத்தார். அவள் ஊன்றுகோலை நீட்டித் தடுத்தாள்.

"இப்ப வேண்டாம். செக்கப்புக்கு இன்னும் போக வேண்டியிருக்கு. அதெல்லாம் முடியட்டும்."

அண்ணன் அவளை முறைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கூரையில் புதுத் தகரம் பளபளத்தது.

"இதை அன்னைக்கே அடிச்சிருந்தா" என்று முணுமுணுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். 'மாப்பிள்ளை' என்ற வார்த்தை அன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை.