உதட்டில் நின்ற பாட்டு

சுவருக்கு அந்தப் பக்கம், சௌனா என்ற நீராவிக் குளியலறையில், சுட்ட கல்லின் மேல் தண்ணீர் விழுந்து சீறியது. அந்தச் சீறலையும் மீறி இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று ரெய்யோவின் குரல். சுருதி கிலோ என்ன விலை என்று கேட்கும் குரல். மற்றது ஒன்பது வயது மகள் தைனாவுடையது. படகுக்காரன் பாட்டின் இரண்டாவது அடியில் அது ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் வழுக்கியது. ஆனாலும் நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே மேலே போனது.

அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஹில்க்காவின் கை அப்படியே நின்றது. வழுக்கிய அந்த இடம் அவளுக்குத் தெரியும். பள்ளி நாளில் அவளும் அங்கேதான் வழுக்கினாள்.

சற்று நேரத்தில் அப்பாவும் மகளும் சிவந்த முகத்தோடு வந்து மேசையில் உட்கார்ந்தார்கள்.

"கேட்டியா ஹில்க்கா? திங்கக்கிழமை பாட்டுப் பரீட்சையில உன் பொண்ணு பத்துக்குப் பத்து!" என்றான் ரெய்யோ.

"நீ கூடப் பாடாம இருந்தா வாங்குவா."

"என் பாட்டுக்கு என்னடி குறை? ஏரிக்கரை நாயெல்லாம் கூடவே பாடுதே!"

"அதுங்க பாடலப்பா, அழுவுதுங்க!" என்று தைனா துள்ளினாள். ரெய்யோ மேசையில் தட்டிச் சிரித்தான். ஹில்க்கா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டுப் பரீட்சை! அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் அவளுக்குத் தன் பள்ளிக்கூடம்தான் கண்முன் வரும்.

ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து போய், ஹார்மோனியத்தின் அருகில் வகுப்பைப் பார்த்து நின்று தனியே பாட வேண்டும். மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று ஹில்க்கா பாடியபோது, வர்த்தியா டீச்சர் இரண்டாவது அடியிலேயே கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பூனை வாலை யாரோ மிதிச்சுட்டாங்க போல," என்றாள். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், அன்பாகச் சொல்வதைப் போலவே சொன்னாள்: "உட்காரு ஹில்க்கா. வசந்த விழாவுல நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது."

அந்த ஒரு வார்த்தையை ஹில்க்கா வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றினாள். விழாவில் வாயை அசைத்தாள். அதன்பின் கணக்கில் விடை தெரிந்தாலும் கை தூக்கவில்லை. கை தூக்கினால் வாய் திறக்க வேண்டுமே! பள்ளியை விட்டதும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இயந்திரங்கள் போடும் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அவளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. தன் திருமணத்தில், மாதா கோயிலே எழுந்து நின்று பாடியபோது, மணப்பெண்ணின் உதடுகள் மட்டும் அசைந்தன. பெற்ற தாயைக் குழியில் இறக்கும்போதும் அப்படித்தான். தைனா பிறந்தாள். குழந்தை அழுதால் தொட்டிலருகே ரேடியோவைத் திருப்பி வைப்பாள். பாவி மகள், பெற்ற பிள்ளைக்கு ஒரு தாலாட்டுக்கூடப் பாடவில்லை!

திங்கட்கிழமை காலை ஹில்க்கா மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சிரிப்பு இவள்மேல் விழக் கூடாது. அது ஒன்றுதான் அவள் நினைப்பு.

"கண்ணு, இன்னிக்கு சத்தமாப் பாடாத. உதட்டுக்குள்ளயே பாடிடு. அப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க."

தைனா திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா? நான் நல்லா பாடலையா?"

பாடுகிறாய் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஹில்க்கா வாயைத் திறப்பதற்குள் பின்னல் முடிந்துவிட்டது. குழந்தை ரிப்பனைத் தானே கட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. தபால் வண்டி ஓட்டும் ரெய்யோ வேலைக்குப் போயிருந்தான். வாசலில் பனியை உதறிக்கொண்டு நின்றவள் தைனாவின் டீச்சர், சோய்னி. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இலவங்கப்பட்டை ரொட்டியைத் தொடவில்லை.

"தைனா பரீட்சையில பாடலைங்க. வாயை அசைச்சா, சத்தமே வரல. பிள்ளைங்க சிரிச்சுட்டாங்க. விளையாடுறான்னு நெனச்சு..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் சிரிச்சுட்டேன். அதுலேர்ந்து வகுப்புல ஒரு வார்த்த பேசல அவ. வாசிக்கச் சொன்னாக்கூட உதடுதான் அசையுது."

ஹில்க்கா தன் கோப்பையைத் தள்ளிவைத்தாள். எந்தச் சிரிப்பிலிருந்து காப்பாற்ற நினைத்தாளோ, அந்தச் சிரிப்பின் நடுவில் தானே மகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்!

"நாளைக்கு மார்க் போடணும். பத்துக்கு நாலு போட்டா ஃபெயில். எனக்கு மனசு வரல," என்றாள் சோய்னி. "இங்க, வீட்டுலயே ஒரு அடி பாடட்டும், போதும். தனியாக் கூப்பிட்டு அவளக் கேட்டேன். அம்மா கூடப் பாடினா பாடுறேன்னா."

அறைக் கதவருகே தைனா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண்கள் தாயின் வாயிலேயே இருந்தன.

"பாடும்மா," என்றாள் மெல்ல. "நீ ஆரம்பி."

ஹில்க்கா எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடவுளே, ஒரே ஒரு அடி! பெற்றவளுக்கு இதுகூட முடியாதா? மூச்சை இழுத்தாள். பாட்டு முழுவதும் தெரியும், ஒரு சொல் மறக்கவில்லை. வாயைத் திறந்தாள். உதடுகள் முதல் சொல்லைச் சொல்லின, இரண்டாவது சொல்லைச் சொல்லின, அடி முடியும்வரை அசைந்தன. அடுக்களையில் குளிர்பெட்டியின் முனகல் தவிர வேறு ஒலி இல்லை. அவள் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது.

சோய்னி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

தைனா அழவில்லை. ஒரு பெரிய மனுஷியைப் போல நிதானமாகச் சொன்னாள்: "பாத்தீங்களா டீச்சர்? எங்களுக்கு வராது."

"அப்படியில்ல கண்ணு, யாருக்கும்..." என்று தொடங்கினாள் சோய்னி. குழந்தை அதற்குள் அறைக்குள் போய்விட்டது.

"நான் இன்னொரு நாள் வரேங்க," என்றாள் டீச்சர். ஹில்க்கா தலையை அசைத்தாள். வர மாட்டாள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

சோய்னி நடையில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள். ஒரு முடிச்சு சிக்கிக்கொண்டது. உதவிக்கு ஹில்க்கா போகவில்லை. கடைசியில் டீச்சர் தொப்பியை இழுத்துவிட்டு, குளிரில் இறங்கிப் போனாள். ஹில்க்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.