மச்சான் வண்டி

லஸ்ஸிலிருந்து தி. நகருக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டிய பையன் திடீரென்று சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்தான். முன்னால் ஒரு வெள்ளைக் கார். மேலே விளக்கு இல்லை, பக்கத்தில் எழுத்து இல்லை, பின்கண்ணாடியில் முருகன் படம்கூட ஒட்டியிருந்தது. "மஃப்டி வண்டி மேடம். பின்னாடி ஒக்காந்துகினு கீறவன் முடிய பாருங்க. எவன் இப்ப அப்டி வெட்டிக்கிறான்?" என்றான். அந்தக் காரை அவன் கடைசிவரை முந்தவே இல்லை. எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் சீக்கிரம் போப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு காரால் எங்கள் வீட்டில் நடந்தது நடந்தது, அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். மயிலாப்பூர் குளத்திலிருந்து மந்தைவெளி வழியாக அடையாறு டிப்போ வரை. சொந்த வண்டி, பர்மிட் அவர் பேரில் இருந்தது. பர்மிட்டில் எழுதியிருக்கிற ஆள்கணக்குப்படி ஏற்றினால் டீசலுக்கே கட்டாது என்பதால், அதற்கு இரண்டு பங்கு ஏற்றுவார். எல்லோரும் அப்படித்தான் ஏற்றினார்கள். சாயங்காலம் மந்தைவெளியில் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அடையாறு போய்த் திரும்பி, பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடிசை மாற்று வாரிய வீட்டில் இறங்குவது வழக்கம்.

அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு சைகை இருந்தது. எதிரே வரும் வண்டிக்காரர் தலையில் கை வைத்தால், முன்னால் தொப்பி போட்ட போலீஸ் நிற்கிறார் என்று அர்த்தம். சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டினால் மஃப்டி. தலையில் கை வைத்தால் அப்பா சாவகாசமாக நாலு பேரை இறக்கி, சிக்னல் தாண்டி நடந்து வரச் சொல்வார். காலரை ஆட்டிவிட்டால் அவ்வளவுதான், முகம் செத்துவிடும். ஆட்டோவைச் சந்துக்குள் விட்டு இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். "தொப்பிக்காரன் வெயில்ல நிக்கிறான், பாத்துட்டு நாம ஒதுங்கிக்கலாம். இவனுங்க சொந்தக்காரன் வர்ற மாதிரில்ல வர்றானுங்க," என்பார். ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியிருந்தார். இன்னொரு முறை மாட்டினால் பர்மிட்டே போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் மாமா ஒரு போலீஸ் காரை வாங்கினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். என்னை மடியில் வைத்துக் காது குத்தியவர். அதுவரை யார் யாருக்கோ சம்பளத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், சொந்தமாக ஒன்று வாங்கிக் கல்யாண வாடகைக்கு விடவேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. காவல்துறையில் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, போய் ஒரு வெள்ளை அம்பாசடரை எடுத்துவந்துவிட்டார். கூரையில் சுழல்விளக்கு இருந்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே வயர்லெஸ் பெட்டியின் ஒயர் வெட்டுப்பட்டுத் தொங்கியது. சாய்ந்த வெயிலில் பார்த்தால் கதவுப் பெயின்டுக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். போதாக்குறைக்கு மாமாவுக்குக் கத்தை மீசை, ஒட்ட வெட்டிய முடி.

அந்த வண்டியில் போன மாதிரி நான் பிறகு எதிலும் போகவில்லை. பாண்டி பஜாரில் ஹெல்மெட் போடாமல் வந்தவர்கள் எங்களைக் கண்டதும் பாதி ரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். பிளாட்பாரத்தில் நைட்டி விற்றவர்கள் தார்பாயின் நாலு மூலையையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். நான் ஜன்னலோரம் மகாராணி கணக்காக உட்கார்ந்திருந்தேன். ஆனால் மாமாதான் பாவம், போலீஸ் என்றாலே அவருக்கு நடுக்கம். பனகல் பார்க் பக்கம் ஒரு காவலர் எங்கள் காரைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தபோது, மாமா பதிலுக்கு இரண்டு கையாலும் கும்பிட்டார். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரமாக நிறுத்தி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவின் ஸ்டாண்டில் முதலில் அல்லோலகல்லோலப்பட்டது. மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ரோடு முழுக்க காலரை ஆட்டினார்கள், ஆட்டோக்கள் எல்லாம் சந்துக்குள் போய்ப் பதுங்கின. விஷயம் தெரிந்ததும் அப்பாவைப் பிடித்து ஒரு பிடி பிடித்துவிட்டார்கள். "உன் மச்சானால எங்க பொழப்பு நாறுதுய்யா." வேறு நிறம் அடித்துவிடு என்று அப்பா சொன்னார். கல்யாணத்துக்கு வெள்ளைக் கார்தான் கேட்கிறார்கள் என்று மாமா மழுப்பிவிட்டார். கடைசியில் ஸ்டாண்டுக்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளை அம்பாசடர் வந்தால், எதிரே வருகிறவர் மீசையை முறுக்கிக் காட்டுவார். பயப்படாதே, மச்சான் வண்டிதான் என்று அர்த்தம். நாளாக ஆக அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. மீசை இல்லாதவர்கள்கூட முறுக்கினார்கள்.

ஏலத்துக்குப் போகாமல் போலீசிடமே இன்னும் அதே மாதிரி வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம்பரைப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நம்பர் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டால் ஒளிய நேரமிருக்காது, அதற்காகத்தானே சைகையே.

அன்றைக்கு ஆட்டோவில் பிதுங்கி வழியும் கூட்டம். அடையாறு பாலம் ஏறும்போது எதிரே வந்த ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே மீசையை முறுக்கினார். அப்பாவும் சிரித்தார். "உங்க மாமன் வந்துகினு கீறான் பாரு," என்றார். நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். வெள்ளை அம்பாசடர் எங்களைத் தாண்டிப்போய், திரும்பிவந்து, குறுக்கே நின்றது. கதவு திறந்ததும் முதலில் கால் தெரிந்தது. மாமா எப்போதும் ரப்பர் செருப்புதான் போடுவார். இது பாலிஷ் போட்ட பழுப்பு ஷூ.

ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, எங்களைத் தெரியாதவர்கள் மாதிரி நடந்து போனார்கள். அப்பா தன்னைவிட வயதில் சின்னவரான ஒருவரிடம் கையைக் கட்டிக்கொண்டு "சார், சார்" என்று பின்னாலேயே போனார். என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "பொம்பளப் புள்ள சார்," என்றார். அந்த ஆள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆட்டோவை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் வீடுவரை நடந்தோம். பர்மிட் போய்விட்டது. வண்டி காவல் நிலைய மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று இற்றுப்போய், கடைசியில் இரும்பு விலைக்குத்தான் போயிற்று.

ஸ்டாண்டில் கூடிப் பேசினார்கள். மீசைச் சைகை வந்ததிலிருந்து யாரும் அகப்படாத ரோட்டில், மச்சான் வண்டி மாதிரியே ஒரு வண்டியில் வந்து பிடிக்கிறார்கள் என்றால், சைகையைப் போலீசுக்குச் சொன்னது யார்? போலீசிடமே கார் வாங்கியவன்தானே என்று ஒருவர் கிளப்பிவிட, அதுவே உண்மையாகிவிட்டது. ஸ்டாண்டின் தலைவருக்கு நாலைந்து ஆட்டோ சொந்தமாக இருந்தது. அதில் ஒன்றை அப்பாவுக்கு ஷிப்டுக்குத் தருவதாகச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "போட்டுக்குடுத்தவன் உன் வீட்டு வாசப்படி மிதிச்சான்னா, சாவிய குடுத்துட்டுப் போய்க்கினே இரு."

மறுநாள் மாமா பதறிக்கொண்டு வந்தார். அப்பா அவரை மாடி ஏற விடவில்லை. வாரியக் குடியிருப்பு முழுக்க எட்டிப் பார்க்க, கீழே நின்று கத்தினார். துரோகி என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். மாமா மேலே நின்ற அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வாரமே புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய் அம்பாசடரை உடைக்கக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

மாமா சொல்லியிருக்க மாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். போலீசைப் பார்த்துக் கும்பிடு போடுகிற ஆள் போலீசிடம் போய் என்னத்தைச் சொல்வார்? அன்றைக்குக் கத்தியதெல்லாம் கூட்டத்தில் நின்ற ஸ்டாண்டுக்காரர்கள் காதில் விழுவதற்காக. உள்ளே வந்து அம்மாவிடம், "எனக்கு வேற வழி தெர்லடி," என்றாராம். இதெல்லாம் நான் கல்யாணமாகிப் போன பிறகு அம்மா சொன்னது. அதற்குள் மாமாவே போய்ச் சேர்ந்துவிட்டார். இது நடந்தபோது எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தை வெளியே உளறிவிடும், சாவி போய்விடும் என்று பயம். அதனால் நான் ஊரார் சொன்னதையே நம்பினேன். பாதி நாள் நம்பினேன், பாதி நாள் என் மாமா அப்படிச் செய்வாரா என்று அழுதேன்.

அம்மாவால் இருக்க முடியவில்லை. கபாலி கோயிலுக்குப் போகிறேன் என்று போய்த் தெற்கு மாடவீதியில் தம்பியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். ஸ்டாண்டில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு, நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் நாடகமாடுகிறீர்களா, நாளைக்கு ஸ்டாண்டில் வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்றார். அம்மா அடுத்தநாள் காலையில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மாமாவிடம், இனிமேல் நீ என்னைப் பார்க்க வராதே என்று சொல்லி அழுததை நான் கேட்டேன். வேறென்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மாமா நின்றிருந்தார். மெலிந்திருந்தார். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தையைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். நாலடி தள்ளி ஸ்டாண்டு ஆட்டோ ஒன்று ஆளுக்காக நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாங்காயை வாங்கவில்லை. அத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"நீதான் அப்பாவ போட்டுக்குடுத்தியா மாமா?"

இல்லை பாப்பா என்று சொல்லுவார், நான் அந்த மாங்காயை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாமி சத்தியமாக அதற்குத்தான் கேட்டேன். மாமா ஆட்டோக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்.

"ஆமா பாப்பா. நான்தான். உங்கப்பனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்கம்மா கோயிலாண்ட வந்து என்னிய திட்டிட்டுதான் போச்சு."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. காகிதத்தைத் தட்டிவிட்டேன். மாங்காய் மண்ணில் விழுந்தது. பின்னால் அவர் கூப்பிட்டாரா என்று தெரியாது, நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. மெட்ராஸில் எந்த ஸ்டாண்டிலும் அதற்குப் பிறகு அவரை நிற்கவிடவில்லையாம். பெரும்பாக்கம் பக்கம் எங்கோ காவலாளியாக இருந்தார் என்றார்கள்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி வண்டி போய்விடுமோ என்ற கவலையில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அப்போதுதான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைவர் ஆள் அனுப்பியிருந்தார், ஷிப்டுக்கு வழக்கம்போல வரலாம் என்று. என்ன ஏது என்று அவருக்கே புரியவில்லை. நான் பையைக்கூடக் கழற்றாமல் பெருமையாகச் சொன்னேன்.

"மாமாவே ஒத்துக்கிச்சுப்பா. அந்த ஆட்டோக்காரர் எதிர்லயே, நான்தான்னு சத்தமா சொல்லிச்சு."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். வாரியக் குழாயில் அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. அது சொட்டுச்சொட்டாகத்தான் வந்தது. மாமா மேல் அவருக்கு அவ்வளவு கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.